சென்னையில் 60 பேர் பார்ட்டிக்குப் பீர்: கையைக் கடிக்காமல் ஏற்பாடு செய்வது எப்படி

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது அரிசிக்குப் பொருந்தும், காய்கறிக்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் பீருக்குப் பொருந்தாது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருக்கிறது. ஒரு பாட்டில் வாங்கினாலும் ஒரு பெட்டி வாங்கினாலும் அதே எம்.ஆர்.பி.தான். வேறு கடையில் கேட்டுப் பார்க்கலாம் என்றால் வேறு கடையே கிடையாது. வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல வீட்டுப் பார்ட்டிக்கு 30 லிட்டர் கெக் (பீர் பீப்பாய்) எடுத்துவந்து குழாயைத் திறந்துவிடும் வசதியும் இங்கே இல்லை. டாஸ்மாக் கடையில் கிடைப்பது பாட்டிலும் டின்னும்தான்.

அதனால் பேரம் பேசி மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பணம் மூன்று இடங்களில்தான் வீணாகிறது: தப்பான இடத்தில் வைப்பது, தலையைத் தப்பாக எண்ணுவது, சரியாகக் குளிர வைக்காதது. மூன்றையும் பார்ட்டிக்கு ஒரு வாரம் முன்பே சரிசெய்துவிடலாம். கீழே எல்லாக் கணக்கையும் 60 பேர் வரும் ஒரு பிறந்தநாள் அல்லது பழைய கல்லூரி நண்பர்கள் கூடும் விருந்து என்று வைத்துக்கொண்டு போட்டிருக்கிறேன். உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: இடத்தை முடிவு செய்யுங்கள், சட்டம் கூடவே வரும்

பலர் பீர் வாங்கிய பிறகுதான் இடத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். இடம்தான் செலவைத் தீர்மானிக்கிறது, எவ்வளவு கையில் வைத்திருக்கலாம் என்பதையும் தீர்மானிக்கிறது.

முதலில் கல்யாண மண்டபம். மண்டபத்தில் பீர் வைக்கும் யோசனையே வேண்டாம். 2023 ஏப்ரலில், மண்டபம், விளையாட்டு மைதானம் போன்ற இடங்களில் சிறப்பு உரிமத்தோடு மது பரிமாறலாம் என்று அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 'மேனேஜரைக் கவனித்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால், அந்தக் கவனிப்புச் செலவையும் மாட்டிக்கொண்டால் ஆகும் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

கடற்கரையும் அப்படித்தான். பொது இடத்தில் குடிப்பது குற்றம். ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பண்ணை வீடு என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பீர் கொடுத்தால் அது விருந்து அல்ல, உரிமம் இல்லாத விற்பனை. அந்தப் பக்கப் பண்ணை வீடுகளில் போலீஸ் சோதனை என்று அடிக்கடி செய்தி வருவதற்கு இப்படி டிக்கெட் போட்டு நடத்தும் பார்ட்டிகள் முக்கியமான காரணம். நண்பர்கள் செலவைப் பங்கு போட்டுக்கொள்ள நினைத்தால், ஒருவர் எல்லோரிடமும் வசூல் செய்து வாங்குவதைவிட அவரவர் பங்கை அவரவரே வாங்கிக் கொண்டுவருவது நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்கு ஓர் ஆள் உரிமம் இல்லாமல் கையில் வைத்திருக்கக்கூடிய அளவை 1996-ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. பீர் 7.8 லிட்டர். பிராந்தி, விஸ்கி வகைகள் 4.5 லிட்டர். ஒயின் 9 லிட்டர். 7.8 என்பது என்ன விசித்திரமான எண் என்று தோன்றும். 650 மில்லி பாட்டில் 12, அதாவது ஒரு பெட்டி. 325 மில்லி சின்ன பாட்டில் என்றால் 24. ஆனால் 500 மில்லி டின் 24 கொண்ட பெட்டியைத் தூக்கினால் 12 லிட்டர் ஆகிவிடும், வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். டின்னில் 15-தான் கணக்கு. 'ஒரு பெட்டிதானே' என்று நினைத்து டின் பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

ஆக, ஆறு பெட்டி வேண்டும் என்றால் ஒரே ஆள் ஒரே வண்டியில் ஏற்றிவரக் கூடாது. ஒருவர் வீட்டில் ஒரு வாரம் முன்பே அடுக்கி வைப்பதும் கூடாது. சட்டம் ஆளுக்கு ஆள் கணக்குப் பார்க்கிறது. ஆறு நண்பர்கள் ஆளுக்கு ஒரு பெட்டி, அவரவர் பணத்தில், அவரவர் பில்லோடு, பார்ட்டி நாளன்று கொண்டுவருவதுதான் சரியான வழி. பில்லைக் கேட்டு வாங்கிப் பையில் வையுங்கள். வழியில் நிறுத்தினால் பேசுவதைவிடக் காகிதம் நன்றாகப் பேசும்.

இந்த ஒரு விதியை ஒத்துக்கொண்டால் வீட்டு மொட்டை மாடிதான் சென்னையில் மலிவான இடம். வாடகை இல்லை, பாட்டிலுக்கு மேல் ஒரு ரூபாய் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் செயலாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பாட்டை நிறுத்திவிட்டால் பக்கத்து வீட்டு மாமா போலீஸுக்குப் போன் செய்வதற்கான காரணத்தில் பாதி போய்விடும்.

வீட்டில் முடியாது, மாமியார் இருக்கிறார், இடம் போதாது என்றால் உரிமம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். இரண்டு வகை. ஒன்று நட்சத்திர ஓட்டல், எஃப்.எல்.3 உரிமம். இன்னொன்று மனமகிழ் மன்றம் என்று பலகை வைத்திருக்கும் கிளப், எஃப்.எல்.2 உரிமம். கிளப்பில் பீர் விலை பெரும்பாலும் ஓட்டலைவிடக் குறைவு, ஆனால் உறுப்பினர் ஒருவர் முன்னின்று நடத்த வேண்டும். உங்கள் கூட்டத்தில் அப்படி ஒரு உறுப்பினர் இருந்தால் அவரைப் பிடியுங்கள். (வேட்டியில் வரும் நண்பர்களைத் தடுப்பார்களோ என்ற கவலை வேண்டாம். 2014-இல் சென்னையில் வேட்டி கட்டிவந்த ஒரு நீதிபதியை ஒரு கிளப்பில் உள்ளே விடாததால், அதே ஆண்டில் அதற்கென்றே தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது.)

ஓட்டலில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். தலைக்கு இவ்வளவு, அளவில்லாமல் குடிக்கலாம் என்பது ஒன்று. குடித்த அளவுக்குப் பில் என்பது இன்னொன்று. முதலாவது கேட்க இனிமையாக இருக்கும். உங்கள் விருந்தினர் எல்லோரும் குடிப்பவர்களாக இருந்தால் மட்டும் அதற்குத் தலையாட்டுங்கள். அத்தை, சித்தப்பா, குழந்தைகள் என்று கலந்து வரும் கூட்டத்துக்கு எப்போதும் குடித்த அளவுக்குப் பில்தான். அதிலும் ஓர் உச்சவரம்பு சொல்லி, அதைத் தொட்டதும் என்னிடம் கேட்காமல் அடுத்த பாட்டிலைத் திறக்காதீர்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் மூன்றைப் பாருங்கள். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வாட் வரிதான். உணவுக்கு ஜி.எஸ்.டி. உண்டு. சேவைக் கட்டணம் கட்டாயம் அல்ல, வேண்டாம் என்றால் எடுத்துவிடச் சொல்லலாம். மதுவையும் உணவையும் ஒன்றாகக் கலந்து மொத்தத்துக்கும் வரி போட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். கிழமையையும் யோசியுங்கள். செவ்வாய், புதன் மாலைகளில் ஓட்டல் விருந்து அறைகள் காலியாகக் கிடக்கும், சனிக்கிழமை கிடைக்காத விலை அப்போது கிடைக்கும்.

மலிவு என்று காதில் விழும் மூன்று குறுக்குவழிகளை இங்கேயே மூடிவிடுகிறேன். பாண்டிச்சேரியில் விலை குறைவுதான், ஆனால் அங்கிருந்து அனுமதி இல்லாமல் கொண்டுவருவது குற்றம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் திண்டிவனம் வழியிலும் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன, பிடிபட்டால் வண்டியும் பறிபோகும். ராணுவ கேன்டீன் சரக்கு அவர்களுக்கு மட்டும், வெளியாருக்கு விற்பதும் வாங்குவதும் தவறு. வீட்டிலேயே பீர் காய்ச்சுவது எப்படி என்று இணையத்தில் ஆயிரம் காணொளி இருக்கும். இங்கே 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, உரிமம் இல்லாமல் காய்ச்சினால் அதன்கீழ் வழக்கு.

இரண்டாவது படி: தலையை எண்ணுவது

60 பேர், ஆளுக்கு மூன்று பாட்டில், 180 பாட்டில் என்று கணக்குப் போடுபவர் ஏமாறுவார். பாட்டில் 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 32,400 ரூபாய். அதில் பாதிக்கு மேல் திறக்கப்படாமலே நிற்கும், டாஸ்மாக் திரும்ப எடுத்துக்கொள்ளாது.

பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறி போடுங்கள். குடிக்காதவர், பீர் குடிப்பவர், ஹாட் (பிராந்தி, விஸ்கி வகைகள்) குடிப்பவர். இந்த மூன்றாவது வகையை வெளியூர்க்காரர் எழுதும் கணக்குகள் விட்டுவிடும். தமிழ்நாடு பிராந்தி ஊர். நாற்பதைத் தாண்டிய ஆண்களில் ஒரு கணிசமான கூட்டம் பீரைக் கையில் வாங்கி, 'வயிறு ஊதுதுப்பா' என்று பாதியில் வைத்துவிட்டு மூலையில் இருக்கும் பிராந்தியைத் தேடிப் போகும். இவர்களைப் பீர்க் கணக்கில் முழுசாகச் சேர்த்தால் பணம் நஷ்டம்.

நம் 60 பேரில் 25 பேர் குடிக்காதவர்கள் என்று வையுங்கள். குழந்தைகள், பெரியவர்கள், வண்டி ஓட்டப்போகிறவர்கள், மாலை போட்டிருப்பவர்கள். கார்த்திகை, மார்கழியில் பார்ட்டி வைத்தால் ஐயப்ப சாமிகளின் எண்ணிக்கையை மறக்காதீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இங்கே சட்டப்படி மது கிடையாது. கல்லூரியில் படிக்கும் தம்பி வந்து நின்றால் அவனும் இந்த 25-இல்தான். மிச்சம் 35. அதில் 10 பேர் ஹாட். பீருக்கு 25 பேர்.

மாலை ஆறரைக்குத் தொடங்கி பத்தரைக்கு முடியும் பார்ட்டியில், முதல் ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு பாட்டில் போகும். அதற்குப் பிறகு வேகம் குறையும். பிரியாணி வந்துவிட்டால் நின்றுவிடும். சராசரி ஆளுக்கு இரண்டரை பாட்டில். 25 பேருக்கு 62 அல்லது 63. ஹாட் ஆட்கள் 'தாகத்துக்கு ஒண்ணு' என்று எடுப்பதற்கு ஐந்தாறு சேர்த்தால் 68. பெட்டிக் கணக்கில் ஆறு பெட்டி, 72 பாட்டில், 46.8 லிட்டர். பாட்டில் 180 என்ற அதே விலையில் 12,960 ரூபாய். முதலில் போட்ட கணக்குக்கும் இதற்கும் 19,440 ரூபாய் வித்தியாசம். இந்தப் பார்ட்டியில் நீங்கள் மிச்சம் பிடிக்கப்போகும் பெரிய தொகை இதுதான், அதுவும் உட்கார்ந்த இடத்தில்.

குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வரும். கடை இரவு 10 மணி வரை திறந்திருக்கும். எட்டரை மணிக்கு ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். 20 பாட்டிலுக்குக் கீழே போயிருந்தால், குடிக்காத ஒருவரை வண்டியில் அனுப்புங்கள். அதிகம் வாங்கி வருந்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்ட்ராங்கா, லைட்டா?

உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதவீதம் வரை சாதாரண பீர், அதற்கு மேல் 8 சதவீதம் வரை ஸ்ட்ராங். கடை அலமாரியில் நிற்பது பெரும்பாலும் ஸ்ட்ராங். ஒரு பாட்டில் 7.5 சதவீத ஸ்ட்ராங்கில் இருக்கும் ஆல்கஹால், ஒன்றரை பாட்டில் லைட்டில் இருப்பதற்குச் சமம். காசுக்கு ஏறுவது எது என்று பார்ப்பவருக்கு ஸ்ட்ராங் லாபம்தான். விருந்து நடத்துபவருக்கு அப்படி இல்லை. ஸ்ட்ராங் மட்டும் வைத்தால் பாட்டில் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஒன்பது மணிக்கெல்லாம் இரண்டு பேர் மட்டையாவார்கள், ஒருவர் பழைய சண்டையை ஆரம்பிப்பார். மிச்சமான காசு அந்த இரவுக்கு ஈடாகாது. பாதிக்குப் பாதி வாங்குங்கள். லைட்டை முன்னால் வையுங்கள், ஸ்ட்ராங்கைக் கேட்பவருக்கு எடுத்துக் கொடுங்கள்.

பிராண்டு விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். கிங்ஃபிஷர்தான் வேண்டும், பட்வைசர்தான் வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டு போனால் கடைக்காரர் இருப்பதைத்தான் கொடுப்பார். நன்றாகக் குளிர்ந்த பீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிராண்டைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் வெதுவெதுப்பான பீரை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள்.

மூன்றாவது படி: எப்போது, எப்படி வாங்குவது

நாட்காட்டியைப் பாருங்கள். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாளான தைப்பூசம், மகாவீர் ஜெயந்தி, மே தினம், மிலாது நபி, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. இந்த நாட்களில் கடை மூடியிருக்கும். பொங்கல் விடுமுறையில் பார்ட்டி வைப்பவர்கள் திருவள்ளுவர் தினம் மாட்டுப் பொங்கலன்று வருவதை மறந்துவிட்டு மாட்டிக்கொள்வார்கள். தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் விற்பனை கிடையாது. மூடிய நாளில் பிளாக்கில் வாங்கினால் விலை இரட்டிப்பு, சட்டச் சிக்கல் வேறு. பார்ட்டித் தேதியைத்தான் மாற்ற வேண்டும். மூடும் நாளுக்கு முந்தின நாள் கூட்டமும் பயங்கரமாக இருக்கும்.

கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது. பெட்டியாக வாங்க அதுதான் நேரம், கூட்டம் குறைவு, விற்பனையாளருக்குப் பேசப் பொறுமை இருக்கும். மாலை ஆறுக்கு மேல் போய் 'அண்ணே, பன்னிரண்டு பாட்டில்' என்றால் பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். முந்தின நாள் ஒருமுறை போய் மேற்பார்வையாளரிடம் 'பீர் லோடு எப்போ வரும், பெட்டியா கிடைக்குமா' என்று கேட்டுவிட்டு வாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கேள்வி கட்டாயம். வெயில் காலத்தில் பீருக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும். ஆறு நண்பர்களும் ஒரே கடைக்குப் போகாமல் அவரவர் பேட்டையில் வாங்கட்டும். வேளச்சேரிக்காரர் அங்கே, பெரம்பூர்க்காரர் அங்கே.

கூலிங் கேட்காதீர்கள். கடையில் குளிர்ந்ததாகக் கிடைப்பது சில பாட்டில்தான், அதற்காக நின்று, வீடு வரும்போது அதுவும் சூடாகிவிடும். சாதாரணமாக வாங்கி நீங்களே குளிர வையுங்கள்.

பாட்டிலில் அச்சிட்ட விலையைப் பாருங்கள், அதற்கு மேல் கேட்டால் பில் கேளுங்கள். 72 பாட்டிலுக்குப் பத்துப் பத்து ரூபாய் என்றால் 720 ரூபாய், அது ஐஸுக்கு ஆகும் காசு. தயாரித்த தேதியும் முக்கியம், புதியதை எடுங்கள். காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் உள்ள கடை என்றால் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலியைக் கொடுத்ததும் திருப்பித் தருவார்கள். 2022-இல் நீலகிரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் தொடங்கிய ஏற்பாடு இது. அப்படிப்பட்ட கடையில் வாங்கினால் பாட்டிலின் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வையுங்கள், அதே கடைக்கே கொண்டுபோங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டில்களை நிமிர்த்தி, நிழலில் வையுங்கள். மொட்டை மாடியில் வெயிலில் வைத்தால், குறிப்பாகப் பச்சை பாட்டில், வெளிச்சம் பட்டு ஒரு நாற்றம் வரும். பழுப்பு பாட்டில் கொஞ்சம் தாங்கும்.

நான்காவது படி: குளிர்ச்சி

சென்னைப் பார்ட்டிகளில் பீர் சரியில்லை என்று வரும் புகாரில் பெரும்பகுதி ஐஸ் பற்றாக்குறை. 72 பாட்டிலை வீட்டு ஃபிரிட்ஜில் குளிர வைக்க முடியாது. இருக்கும் காய்கறியை எல்லாம் வெளியே எடுத்தாலும் மூன்றில் ஒரு பங்கு போகுமா என்பது சந்தேகம். ஃப்ரீசரில் வைக்கும் யோசனை ஆபத்து. பீர் பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே உறையும், பாட்டில் வெடிக்கும்.

எவ்வளவு ஐஸ்? 32 டிகிரியில் இருக்கும் ஒரு 650 மில்லி பாட்டிலை, கண்ணாடியோடு சேர்த்து, 5 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 80 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் எடுக்கும். ஆக ஒரு பாட்டிலுக்குக் கால் கிலோ ஐஸ் போதும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் சென்னை மாடியில் காற்றே ஐஸைத் தின்னும், பாத்திரமும் தின்னும், நான்கு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்தும் வைக்க வேண்டும். பாட்டிலுக்கு அரைக் கிலோ வையுங்கள். 72 பாட்டிலுக்கு 36, எனவே 40 கிலோ.

கியூப் பாக்கெட்டாக 40 கிலோ வாங்கினால் கை கடிக்கும். ஐஸ் ஃபேக்டரியில் பாராக, அதாவது பெரிய கட்டியாகக் கேளுங்கள். மீன் சந்தை பக்கத்தில், காசிமேடு மாதிரி இடங்களில், பார் ஐஸ் எளிதில் கிடைக்கும். அது பாட்டிலின் வெளியே போடத்தான், கண்ணாடிக் குவளைக்குள் போடக் கூடாது. பாரைச் சாக்கில் சுற்றி மரத்தூள் அல்லது உமி போட்டு நிழலில் வைத்தால் மாலை வரை தாங்கும். உடைக்க ஒரு சுத்தியும், சாக்குப்பையும் போதும், பையோடு சேர்த்து அடித்தால் சில்லு தெறிக்காது.

பாத்திரத்துக்கு வாடகைக் கடைக்குப் போங்கள். கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்கும் பெரிய அண்டா இரண்டு, நாள் வாடகை சொற்பம். அலுமினிய அண்டாவாக இருந்தால் வெளியே ஈரச் சாக்கு சுற்றுங்கள். அடியில் ஐஸ், அதன் மேல் பாட்டில், மேலே ஐஸ் என்று அடுக்கி, கடைசியில் பாட்டில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றுங்கள். இங்கேதான் பலர் தயங்குவார்கள், ஐஸ் கரைந்துவிடுமே என்று. வெறும் ஐஸ் துண்டு பாட்டிலை அங்கங்கேதான் தொடும், இடையில் காற்று இருக்கும். ஐஸ் தண்ணீர் பாட்டில் முழுவதையும் தொடும். வெறும் ஐஸில் ஒரு மணி நேரம் எடுப்பது ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரத்தில் முடியும். இரண்டு கை கல்லுப்பு போட்டால் தண்ணீர் இன்னும் குளிரும். அதிகம் போட்டால் உறையும் அளவுக்குப் போய்விடும், இரண்டு கையோடு நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஐந்தே முக்காலுக்கு முதல் அண்டாவில் 24 பாட்டில். ஏழு மணிக்கு இரண்டாவது அண்டாவில் இன்னொரு 24. அதற்குப் பிறகு எடுக்க எடுக்க நிரப்புங்கள், பழையது மேலே, புதியது அடியில். திறக்காமல் மிஞ்சும் பாட்டில் குளிரவில்லை என்றால் எடுத்து வைப்பது எளிது. குளிர்ந்து சூடாகி மறுபடி குளிர்ந்தால் பீர் கெட்டுவிடும் என்று சொல்வார்கள், அப்படி எல்லாம் ஆகாது. வெளிச்சமும் நீண்டகால வெப்பமும்தான் கெடுக்கும்.

ஓர் ஓப்பனரை அண்டாவின் கைப்பிடியில் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். மூன்று ஓப்பனர் வைத்தாலும் ஒன்பது மணிக்கு ஒன்றும் இருக்காது.

ஐந்தாவது படி: குவளை, சைட் டிஷ், சாப்பாடு

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் டம்ளர் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதே பட்டியலில். அண்டா எடுத்த வாடகைக் கடையிலேயே கண்ணாடி டம்ளரும் எஃகு டம்ளரும் கிடைக்கும். எஃகு டம்ளர் உடையாது, மொட்டை மாடிக்கு அதுதான் சரி. 300 மில்லி அளவு எடுங்கள். ஒரு பாட்டில் இரண்டு பேருக்குப் பகிர்ந்துவிடும், பாதி குடித்துவிட்டு எங்கேயோ வைத்து மறக்கும் பாட்டில்களால் வீணாவதும் குறையும்.

சைட் டிஷ்ஷில் அதிகமாக உப்பு, காரம் போட்டால் தாகம் ஏறும், பீர் அதிகம் போகும். வேர்க்கடலை மசாலா, சுண்டல், அவித்த முட்டை, நெத்திலி வறுவல் போதும். வயிற்றில் ஏதாவது இருந்தால் ஆல்கஹால் மெதுவாகத்தான் ஏறும், எனவே ஏழு மணிக்கெல்லாம் வயிறு நிரப்பும் ஒன்றைச் சுற்றுக்கு விடுங்கள். சாப்பாட்டுக்குப் பக்கெட் பிரியாணி ஆர்டர் செய்துவிடுங்கள். எட்டரைக்கு வந்து சேரும்படி சொல்லுங்கள், ஒன்பதுக்குப் பரிமாறுங்கள். பிரியாணி தாமதமாகும் ஒவ்வொரு அரை மணி நேரமும் உங்களுக்கு ஒரு பெட்டி பீரைச் செலவாக்கும்.

குடிக்காத 25 பேரை மறந்து ஒரு பாட்டில் கோலாவோடு நிறுத்தாதீர்கள். பன்னீர் சோடா, நன்னாரி சர்பத், எலுமிச்சை ஜூஸ் ஆகியவற்றை நன்றாக வைத்தால், பீருக்கும் அதற்கும் இடையில் ஊசலாடுபவர்களும் அந்தப் பக்கம் சாய்வார்கள். 20 லிட்டர் தண்ணி கேன் மூன்று. தண்ணீர் பக்கத்தில் இருந்தால் பீர் குறையும், மறுநாள் தலைவலியும் குறையும்.

பாத்ரூம். 60 பேர், 40 லிட்டருக்கு மேல் பீர், ஒரு வீட்டுக் கழிவறை. மேல்தொட்டியைப் பகலிலேயே நிரப்பி, மோட்டார் போடுபவரிடம் சொல்லி வையுங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவாக இருந்தால் முந்தின நாளே ஒரு லோடு சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குப் போவது

இதைப் பார்ட்டிக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், பாட்டில் திறந்த பிறகு யாருக்கும் பொறுமை இருக்காது. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185, முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு பாட்டில் ஸ்ட்ராங்கிலேயே பலருக்கு அந்த எல்லை தாண்டிவிடும். நீங்கள் பீரில் மிச்சம் பிடித்ததை ஒரே சிக்னலில் இழக்கலாம்.

ஆக்டிங் டிரைவர் சென்னைக்குப் பழக்கமான ஏற்பாடு. தனித்தனியாக ஆளாளுக்கு அழைக்காமல் நீங்களே இரண்டு மூன்று பேரை இரவு எட்டிலிருந்து பதினொன்றரை வரை பேசிவிட்டால், அதே டிரைவர் ஒரு பகுதிக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக இறக்கிவிடுவார். மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நிற்கும், பத்தரைக்குப் பார்ட்டியை முடித்தால் ஸ்டேஷன் பக்கம் இருப்பவர்கள் பிடித்துவிடலாம். இரு சக்கர வாகனச் சாவிகளை உள்ளே நுழையும்போதே ஒரு டப்பாவில் வாங்கி வையுங்கள், கேட்டால் 'மாமி வீட்டு வழக்கம்' என்று சொல்லிச் சிரித்துவிடலாம்.

யாராவது எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் 'தூங்கட்டும்' என்று மல்லாக்கப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, யாராவது கூட இருக்க வேண்டும். மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால் 108.

மறுநாள் காலை

மிச்சம் இருந்தால் வாங்கிய நண்பர்களிடமே அவரவர் பெட்டியைக் கொடுத்து அனுப்புங்கள். ஒரே வீட்டில் 7.8 லிட்டருக்கு மேல் தேங்கக் கூடாது. காலி பாட்டில்களை எண்ணி, திரும்பப் பெறும் கடை என்றால் அங்கே, இல்லையென்றால் காயலான் கடைக்கு. மூடிகளைப் பொறுக்கிவிட்டுத்தான் மாடியில் குழந்தைகளை விளையாட விடுங்கள், அதன் விளிம்பு காலைக் கிழிக்கும். அண்டாவையும் டம்ளரையும் நண்பகலுக்குள் திருப்பிவிட்டால் ஒரு நாள் வாடகைதான். தாமதமானால் இன்னொரு நாள் வாடகை கேட்பார், அதற்கு அவரிடம் பேரம் பேசிப் பயன் இல்லை.